எஞ்சின் சூடு ஆறுவதற்குள்

"அஞ்சு மணிக்கு வண்டிய வாங்க ஆள் வருவாவ மைனி. அதுக்குள்ள கவரை மட்டும் கழத்தி வச்சிருங்க. பேட்டரி செத்திருக்கும், அதை நான் வந்து பாத்துக்கிடுதேன். வண்டி வெளிச்சத்துல நின்னாத்தான் பாக்குதவியளுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் பொன்ராஜ் போனை வைத்தபோது சுவர்க்கடிகாரத்தில் மூன்றேகால். மூன்றேகால் லில்லிபுஷ்பத்துக்கு ஆகாத மணி. மற்ற எந்த மணியும் அவளை ஒன்றும் செய்வதில்லை. காலையில் எழுந்து வாசல் பெருக்கிவிடுகிறாள், கோயிலுக்குப் போய் வருகிறாள், ராத்திரிகூட மாத்திரை போட்டால் தூங்கிவிடுகிறாள். மூன்றேகாலிலிருந்து ஐந்து வரைக்கும் உள்ள பொழுதுதான் தினமும் கடக்க முடியாமல் கிடக்கிறது. அந்தப் பொழுதில் துணி மடிப்பாள், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடிப்பாள், டிவியில் சத்தத்தைக் கூட்டி வைப்பாள், முன்னறை ஜன்னல் பக்கம் மட்டும் போகமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே, சிமெண்டுத் தளத்தில், நாலு மாதமாகக் கார் நிற்கிறது, தலையிலிருந்து சக்கரம் வரைக்கும் வெள்ளிநிறக் கவரைப் போர்த்திக்கொண்டு. பார்க்காவிட்டாலும் அது நிற்பது முதுகில் தெரியும். அடுப்படியில் நின்றால் அடுப்படிச் சுவருக்கு அப்பால் நிற்கும், குளியலறையில் நின்றால் தண்ணீர்ச் சத்தத்துக்கு அப்பால் நிற்கும். மூன்றரைக்குக் கடல்காற்று எழும்பும். உப்பளத்தைத் தாண்டி, காலனியின் கடைசித் தெருவான இந்தத் தெருவுக்குத்தான் அது முதலில் வரும். வந்ததும் கவருக்கு அடியில் புகுந்து அதை உப்ப வைக்கும். கவர் மெல்லப் பெருக்கும், மெல்ல வற்றும். ஒரே ஒரு தடவை, முதல் வாரத்தில், திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். டிரைவர் பக்கம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற பக்கமெல்லாம் சும்மா இருந்தது. காற்று ஒரு பக்கமாகத்தானே வரும், அந்தப் பக்கம்தானே முதலில் உப்பும் என்று அறிவு சொன்னது. அறிவு சொன்னதைக் கேட்டுக்கொண்டே திரையை இழுத்து மூடி, நாலு ஊக்கு குத்தினாள். அந்த ஊக்குகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

கவரைக் கழற்றுவது ஒரு வேலையா? அவள் புருஷன் அருமைநாயகம் இருந்தால் ரெண்டு நிமிஷத்தில் கழற்றி, உள்பக்கம் வெளியே வராமல் மடித்து, பையில் போட்டுவிடுவார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஃபோர்மேனாக இருந்தவர், இரும்பு எப்படிச் சாகும் என்று பார்த்துப் பழகியவர். "உப்புக்காத்து சத்தம் போடாமத் திங்கும் பிள்ளை. வெளிய பெயிண்டு மினுங்கிட்டு இருக்கும், விரலை வச்சி அமுக்குனா உள்ள ஒண்ணும் இருக்காது" என்பார். ஓய்வு பெற்ற வருஷம் கருநீலத்தில் கார் வாங்கினார், காருக்கு முன்னாலேயே மதுரைக்குப் போய்க் கவர் வாங்கி வந்தார். உள்ளே பஞ்சு மாதிரித் துணி, வெளியே மழை தங்காத துணி, ஆனால் உள்ளிருக்கும் ஆவியை வெளியே விட்டுவிடுமாம். பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடுகிறவன் காரை இட்லி மாதிரி அவிக்கிறான் என்பார். தினமும் ஓடுகிற வண்டிக்குக் கவர் வேண்டாம், நாலு நாள் நிற்கப் போகிறது என்றால்தான் மூடவேண்டும். தூசியோடு மூடினால் கவரே உப்புத்தாளாகத் தேய்த்துவிடும், ஈரத்தோடு மூடினால் துருவை நாமே கூப்பிட்டு வைத்த மாதிரி. மழை விட்டால் உடனே கழற்றிக் காய வை, காருக்கும் காற்று வேண்டும். காற்று நாளில் அடியில் பெல்ட்டைக் கொடுத்து அந்தப் பக்கம் கிளிப்பு மாட்டு, இல்லையென்றால் துணி அடித்து அடித்துப் பெயிண்டைக் கெடுக்கும். லில்லி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். "எனக்கு இப்படி ஒரு நாள் போர்த்திவிட்டிருப்பியளா" என்பாள். அதற்கும் ஒரு முறைப்பு. எல்லாச் சட்டத்துக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. ஓடி வந்த வண்டியை உடனே மூடாதே. எஞ்சின் சூடு ஆறவேண்டும். "அரை மணி நேரம் அதைச் சும்மா விடு லில்லி. மூச்சு வாங்கட்டும். அப்புறம் மூடு." அரை மணி நேரம். அவள் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. மீறாததால்தான் இப்படியாகிவிட்டது. மீறியிருந்தால், கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் கையில் கவரோடு வெளியே ஓடியிருந்தால், கதவுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்திருக்கும், கண் திறந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி ரயிலில் ஓசூருக்குப் போவதாக இருந்தது. மகள் ஜெனிட்டா புதுவீட்டுக்குக் குடிபோகிறாள், பத்து நாள் அங்கே இருக்க வேண்டும். பத்து நாள் கார் நிற்கும், அடைமழைக் காலம் வேறு, ஆகவே கழுவித் துடைத்து மூடிவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லி மத்தியானம் சாப்பிட்டதும் வாட்டர் சர்வீசுக்கு ஓட்டிக்கொண்டு போனார். இவள் மகளுக்கு முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்றேகாலுக்குக் கேட் திறக்கும் சத்தம், கார் உள்ளே வரும் சத்தம், கேட் மூடும் சத்தம், கார்க் கதவுச் சத்தம் எல்லாம் கேட்டன. சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, விட்டு வர முடியாது. அவர் உள்ளே வரவில்லை. வராதது ஒன்றும் புதிது இல்லை. வண்டியை விட்டதும் அப்படியே முக்குக் கடைக்கு நடந்துபோய்ச் சுக்குக்காப்பி குடித்துவிட்டு, அங்கே நாலு பேரோடு அரசியல் பேசிவிட்டுத்தான் வருவார். மூன்றே முக்காலுக்கு இடி இடித்தது. சட்டியை இறக்கி வைத்தாள். மணி பார்த்தாள். அரை மணி நேரம் ஆகிவிட்டது, சூடு ஆறியிருக்கும். மழைக்கு முந்தி மூடாவிட்டால் ஈரத்தோடு மூட முடியாது, பத்து நாளும் சும்மா நிற்கும், மனுஷன் ரயிலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார் என்று நினைத்துக்கொண்டே கவரை எடுத்து வந்தாள். வானம் சாயங்காலம் மாதிரி இருட்டிக் கிடந்தது. பின்பக்கத்திலிருந்து போர்த்த ஆரம்பித்தாள். முன்கண்ணாடியில் உள்ளேயிருந்து வெயில் மறைக்கிற தட்டி வைத்திருந்தது, அதைப் பார்த்ததும் எல்லாம் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று தோன்றியது. பக்கக் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம். அதில் அவள் முகம்தான் தெரிந்தது, அவள் முகத்துக்குப் பின்னால் மேகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து, கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் அவர் இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கிடந்தார். அவருக்கு நேரே நின்று முகம் பார்த்து மாவு துடைத்திருக்கிறாள். துடைத்துவிட்டு இழுத்து மூடினாள்.

மூடியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தெரியாமல் செய்தது. ஆனால் ஒரு சத்தம் கேட்டது. பெல்ட்டைக் குனிந்து கொடுத்து, அந்தப் பக்கம் வந்து கிளிப்பை மாட்டினாளா, மாட்டினாள் என்றுதான் நினைக்கிறாள், மாட்டிவிட்டு வாசற்படி ஏறும்போது டக், டக். கொஞ்சம் இடைவெளி விட்டு டக். படியில் நின்றாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. கிளிப்பு சரியாக மாட்டவில்லை போல, தொங்கிச் சக்கரத்தில் அடிக்கிறது என்று நினைத்தாள். திரும்பிப் போய் மாட்டலாமா என்று ஒரு கால் கீழே இறங்கினாள். இறங்கின கால்மேல் மழையின் முதல் சொட்டு விழுந்தது, பெரிய சொட்டு. உள்ளே வந்துவிட்டாள். நாலு மாதமாக அந்த ஒரு கால் படிக்குக் கீழேயே நிற்கிறது. கிளிப்பு மாட்டாமல் தொங்கியிருந்தால் அது கிளிப்பின் சத்தம், அவர் ஏற்கெனவே போய்விட்டார், நிம்மதி. கிளிப்பை மாட்டியிருந்தால் அது தொங்காது, தொங்காதது சத்தம் போடாது, அப்படியானால் தட்டியது யார்? மாட்டினாளா? விரலில் அந்த நினைவு இருக்கிறது, பிளாஸ்டிக் பல் உள்ளே போய்க் கடித்துக்கொள்ளும் நினைவு. ஆனால் அந்த நினைவு அன்றைக்கு உள்ளதா, அதற்கு முந்தி நூறு தடவை மாட்டியதில் ஒன்றா? ஐந்து மணிக்கும் ஆளைக் காணாமல் போன் பண்ணினாள். போன் கவருக்கு உள்ளிருந்து அடித்தது. அப்போதுகூட, போனை வண்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டாரே என்றுதான் அலுத்துக்கொண்டாள். கவரைத் தூக்கிக் கதவைத் திறந்தாள். தூக்கும்போது எளிதாக வந்ததே, எளிதாக வந்ததால் கிளிப்பு மாட்டியிருக்கவில்லை என்று ஆகிறது. ஆனால் மூன்றாம் நாள் ஜெபத்தில் கை கூப்பும்போது பார்த்தாள், வலது பெருவிரல் நகம் பாதி ஒடிந்திருந்தது. கிளிப்பைப் பிடுங்கியதில் ஒடிந்ததா, கதவுப் பிடியில் ஒடிந்ததா, அவர் சட்டைப் பொத்தானில் மாட்டி ஒடிந்ததா? ஹார்ன் அடித்திருக்கலாமே. கை எட்டுகிற தூரம்தானே. கையில் வலு இருந்தால் அடித்திருப்பார். வலு இல்லாமல்தான் கண்ணாடியில் தட்டினாரோ. வலு இல்லாத கை தட்டினால் அப்படித்தான், ரெண்டு தட்டு, ஓய்வு, ஒரு தட்டு.

கதவைத் திறந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபின் அவள் செய்த காரியத்தை யாரும் பார்க்கவில்லை. கத்தவில்லை. முதலில் கவரை உருவினாள். மழையில் நனைந்து கனத்துக் கிடந்ததை இழுத்து, சுருட்டி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போட்டாள். அதற்குப் பிறகுதான் வாசலுக்கு ஓடிக் கத்தினாள். எதற்கு அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை செய்தது. பக்கத்து வீட்டு வடிவும் அவள் புருஷனும் ஓடி வந்தார்கள், தெரு திரண்டது, ஆஸ்பத்திரியில் டாக்டர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "நாலு மணி வாக்கில் போயிருக்கும்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்றார். எல்லோரும் இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். வலி தெரிந்திருக்காதாம், புண்ணியவான். இவளுக்கு முதல் வாக்கியம்தான் தைத்தது. நாலு மணி வாக்கில். மூடும்போது மூன்று ஐம்பது. வாக்கில் என்றால் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்கள். சர்ச் போதகரின் மனைவி ஐயரம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கார்ல அப்படியே தூங்கின மாதிரி இருந்தாராமே" என்றபோது, ஆமாம் என்று தலையாட்டினாள். மகளிடமும் ஆமாம் என்றாள். அடக்கம் முடிந்து நாலாம் நாள் பொன்ராஜ்தான் கல்லுக்குப் பின்னால் கிடந்த கவரைக் கண்டெடுத்துக் காயப்போட்டு, காரை மூடிப் பெல்ட் மாட்டிவிட்டுப் போனான். "அண்ணன் ஆசையா வாங்கினது, உப்புக்காத்துல கெட்டுரப்பிடாது" என்றான். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. மார்கழி மழை மூன்று தடவை பெய்து அதன்மேலேயே காய்ந்தது.

நாலு மணி ஆனபோது லில்லி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பங்குனி வெயில் தளத்தில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. கார் அந்த வெயிலில் ஒரு பெரிய பிராணி படுத்திருக்கிற மாதிரி இருந்தது, பக்கக் கண்ணாடிகளுக்காகத் தைத்த இரண்டு காதும் விடைத்துக்கொண்டு. கூரைமேல் துணி தொய்ந்து, தொய்வில் உப்புத்தூசி வட்டமாகப் படிந்திருந்தது. கழற்றுவதற்காகத்தான் குனிந்தாள். குனிந்து, டிரைவர் பக்கம் அடியில் பொன்ராஜ் மாட்டியிருந்த கிளிப்பை இரண்டு பக்கமும் அமுக்கி எடுத்தாள். எடுத்த கிளிப்பு கையை விட்டுத் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கவரைக் கழற்றுகிற எண்ணம் போய்விட்டது. தொங்கட்டும். காற்று வரட்டும். எழுந்து போய் அதே வாசற்படியில் நின்றாள். கவர் உப்பியது, டிரைவர் பக்கம். வற்றியது. கிளிப்பு ஆடியது. ஆடிச் சக்கரத்தைத் தொட்டது. சத்தமே இல்லை. டயரில்தான் பட்டது, ரப்பரில். இன்னொரு காற்று. தப், அவ்வளவுதான். சட்டியில் மாவு விழுகிற மாதிரி ஒரு தப். அன்றைக்கு அடித்தது மழைக்காற்று, இதைவிடப் பலம், டயரைத் தாண்டி நடு இரும்பில் பட்டிருக்கும். படுமா? பெல்ட் அவ்வளவு நீளமா? ஓடிப்போய்க் கிளிப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரும்பு வரைக்கும் எட்டியது. எட்டுகிறது. கையால் வீசி எறிந்து பார்த்தாள். டக் என்றது. அப்பா. ஆனால் இது கை வீசியது, காற்று இப்படி வீசுமா? மறுபடி வீசினாள். டக். இதுதானா அது? இது கொஞ்சம் மெலிசாக இருக்கிறதே. அது இன்னும் கனமாக இருந்ததே. நாலு மாதத்தில் எத்தனை ஆயிரம் தடவை மனதுக்குள் அடித்துக் கேட்டுவிட்டாள், அசல் எப்படி இருந்தது என்று இப்போது அவளுக்கே நிச்சயமில்லை.

அப்படியானால் உள்ளேயிருந்து தட்டினால் எப்படிக் கேட்கும்? அந்த யோசனை வந்ததும் அவள் அதை வேண்டாம் என்றுதான் தள்ளினாள். தள்ளிக்கொண்டே கவரின் ஓரத்தைத் தோள்மேல் தூக்கி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து நாலு மாதத்துக் காற்று வந்து முகத்தில் படர்ந்தது, கார் கழுவிய சோப்பும் பூசணமும் கலந்த வாசம். இருக்கை இன்னும் சாய்ந்தே கிடந்தது. அவரைத் தூக்கியவர்கள் யாரும் அதை நிமிர்த்தவில்லை. உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். படுத்துக் கதவை இழுத்துச் சாத்தியதும் கவர் சறுக்கி இறங்கிக் கண்ணாடியை மூடியது. வெயில் அணைந்துவிட்டது. முழு இருட்டு இல்லை, கொதித்த பாலில் ஆடை படிந்த மாதிரி எல்லாப் பக்கமும் ஒரு மங்கல் வெளிச்சம். தெருவின் சத்தமெல்லாம் தூரப் போய்விட்டது. அவள் மூச்சுதான் கேட்டது. தலைக்கு மேலே துணி உப்பியது, வற்றியது. வெளியே நின்று பார்க்கும்போது உள்ளே ஒருவர் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது, உள்ளே படுத்துப் பார்க்கும்போது வெளியே ஒருவர் குனிந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. அவர் கண் திறந்திருந்தால் இதைத்தான் பார்த்திருப்பார். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் ஒவ்வொரு கண்ணாடியாக அணைந்துகொண்டே வருவதை. அணைக்கிற கையின் நிழலை, வளையலை. லில்லி என்று தெரிந்திருக்கும். லில்லிதானே, இப்போது கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்ப்பாள் என்று நினைத்திருப்பார். பார்த்தேனே, என் முகத்தைப் பார்த்தேனே. ஹார்னை அமுக்கினாள். சத்தம் வரவில்லை. பேட்டரி செத்துக்கிடக்கிறது என்பது தெரிந்திருந்தும் இரண்டு கையாலும் அமுக்கினாள். பிறகு கையைத் தூக்கி, விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டினாள். ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. உள்ளே அது பெரிதாகத்தான் கேட்டது. வெளியே எப்படிக் கேட்கும்? படியில் நிற்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்? படியிலும் அவள்தான் நிற்கவேண்டும், உள்ளேயும் அவள்தான் தட்டவேண்டும். அன்றைக்குக் கேட்ட காது இந்தத் தலையில்தானே இருக்கிறது. மறுபடியும் தட்டினாள், வலுவாக, வலுவே இல்லாமல், உள்ளங்கையால், மோதிரத்தால். தட்டத் தட்டப் பயம் வந்தது. எதற்காகத் தட்ட ஆரம்பித்தாள் என்பது மறந்து, திறக்கச் சொல்லித் தட்டுகிறவளாக ஆகிவிட்டாள். கதவுப்பிடி கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அது ஞாபகம் வரவில்லை.

"யாரு? யாரு உள்ள?" என்று ஒரு குரல், கிணற்றுக்கு மேலிருந்து கேட்கிற மாதிரி. துணி அசைந்தது. வெளிச்சம் ஒரு கோடாகத் திறந்து, கோடு அகலமாகி, பக்கத்து வீட்டுச் சண்முகவடிவின் முகம் கருப்புக் கண்ணாடிமேல் ஒட்டி நின்றது, இரண்டு கையையும் கண்ணோரம் குவித்துக்கொண்டு. உள்ளே ஆள் அசைவதைப் பார்த்ததும், "செந்தூர் முருகா" என்று அலறி இரண்டடி பின்னால் போனாள். அப்புறம் வந்து கதவைத் திறந்தாள். "அக்கா! நீங்களா? உள்ள என்ன செய்யுதிய? நான் பயந்தே போனேன். வாங்க, கையைக் குடுங்க." லில்லி வெளியே வந்து தளத்தில் அப்படியே உட்கார்ந்தாள். வெயிலில் சிமெண்டு சுட்டது, சுட்டது நன்றாக இருந்தது. வடிவு பக்கத்தில் குந்தி, முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டாள். அந்தக் கை கழுத்தில் இருக்கும்போதே லில்லி சொல்லிவிட்டாள். "அன்னைக்கு நான்தான் மூடினேன் வடிவு. அவிய உள்ள இருக்கும்போதே மூடினேன். நீங்கள்லாம் வாரதுக்கு முன்ன கவரை உருவி ஒளிச்சி வச்சேன்." சொன்னதும் வானம் இடிந்து விழும் என்று நாலு மாதமாக நினைத்திருந்தாள். எங்கேயோ ஒரு பைக் போனது. வடிவு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்க்கா" என்றாள்.

"தெரியுமா?" "மாடியில வத்தல் காயப்போட்டிருந்தேன். மழை வரப்போவுதுன்னு அள்ள வந்தேன். அண்ணாச்சி வண்டி வந்துச்சி. கேட்டைச் சாத்திட்டு மறுபடி ஏறி உக்காந்தாவ. உக்காரும்போது நெஞ்சைத் தேச்சிக்கிட்டே உக்காந்தாவக்கா. வாயுவா இருக்கும், ஏப்பம் விட்டாச் சரியாப் போவும்னு நெனச்சேன். நெனச்சிக்கிட்டு வத்தலை அள்ளினேன். பெறவு இடி இடிச்சதும் மிச்சத்தை அள்ள மறுபடி வந்தா, நீங்க மூடிட்டு இருக்கிய. ஒரு நிமிஷம் யோசிச்சேன். எறங்கியிருப்பாவ, இல்லன்னா மூடுவாகளான்னு நெனச்சேன். அக்கான்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்தேன். கூப்பிடலை." அவள் குரல் அழுகையாக மாறாமல், வறண்டு போய் நின்றது. "அன்னையில இருந்து மாடிக்குப் போவல. எங்க வீட்டுல அவிய கேட்டாவ, ஏன் துணியெல்லாம் வீட்டுக்குள்ள காயுதுன்னு. மாடியில நின்னா இந்தக் கவரு தெரியும். காத்துக்கு அது உப்பும்போது..." என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். "டிரைவர் பக்கம் மட்டும்" என்றாள் லில்லி. "ஆமாக்கா." இரண்டு பேரும் காரைப் பார்த்தார்கள். லில்லி நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு, "இப்ப நான் தட்டினது ஒனக்கு எப்படிக் கேட்டுச்சி?" என்றாள். "எப்படின்னா?" "நீ எங்க நின்ன?" "மதிலுக்கு அந்தப் பக்கம், குழாயடியில." "டக் டக்னு கேட்டுச்சா? இல்ல தொம் தொம்னு அமுங்கிக் கேட்டுச்சா? சரியாச் சொல்லு வடிவு. மூடினதுக்கப்புறம் எனக்கு டக் டக்னு ஒரு சத்தம் கேட்டுச்சி. நான் கிளிப்புன்னு நெனச்சேன்." வடிவு அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு ஒன்று உள்ளே இழுத்து, அதை வைத்திருந்து, விட்டாள். "தொம் தொம்னுதான்க்கா" என்றாள். "அமுங்கித்தான் கேட்டுச்சி. பஞ்சு மூட்டையில தட்டுத மாதிரி. டக்குனு ஒண்ணும் கேக்கல."

லில்லி தலையை ஆட்டினாள். அந்த மூச்சை அவள் பார்த்துவிட்டாள். உண்மை என்றால் அதற்கு எதற்கு ஒரு மூச்சு நேரம்? அதையும் பிடித்துக்கொண்டு மனம் சுற்ற ஆரம்பித்தது. வடிவு பொய் சொல்கிறாள், இல்லை, யோசித்துச் சொன்னாள், இல்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். முழங்கைக்குக் கீழே வடிவின் கை அவள் கையைப் பிடித்திருந்தது, விடவில்லை. வடிவுக்கும் ஒரு பதில் வேண்டும். இவளும் கைப்பிடிச் சுவரோரம் நாலு மாதமாக நிற்கிறாள். லில்லி மெல்ல, "நீ கூப்பிட்டிருந்தாலும் காத்துல எனக்குக் கேட்டிருக்காது வடிவு" என்றாள். கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா, அவளுக்குத் தெரியாது. வடிவு அதை வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். பிறகு இரண்டு பேரும் எழுந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவரை உருவினார்கள். கருநீலம் அங்கங்கே வெளுத்திருந்தது, பின்கதவு ஓரத்தில் துரு தேமலாகப் படர்ந்திருந்தது. லில்லி இருக்கையை நிமிர்த்தினாள். அது கிர்ரென்று எழுந்து நேராக நின்றது. முன்கண்ணாடியின் வெயில் தட்டியை எடுத்துவிட்டாள். நாலு கதவையும் வடிவு விரியத் திறந்து வைத்தாள், கடல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது.

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொன்ராஜ் பேட்டரியோடு வந்தான், பின்னாலேயே ஏரலிலிருந்து நயினாரும் அவர் மனைவியும். நயினார் பலசரக்குக் கடைக்காரர், ஐம்பது வயசு இருக்கும், முதல்முதலாகக் கார் வாங்குகிறார். காரில் ஒருவர் இறந்ததைப் பொன்ராஜ் முன்னாலேயே சொல்லியிருந்தான். "அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்ல மனுஷன் ஓட்டின வண்டின்னு விசாரிச்சிட்டுத்தான் வந்தோம்" என்றார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு எடுத்துக்கொண்டது. நயினாரின் மனைவி கதவை ஆசையோடு தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல ஷெட்டு கிடையாதும்மா, வெட்டவெளிதான். இந்தக் கவரையும் குடுத்திருங்க. எப்ப போடணும், எப்ப எடுக்கணும்னு ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்று நயினார் கேட்டார். லில்லி சொன்னாள். தினமும் எடுப்பதாக இருந்தால் மூட வேண்டாம் என்றாள். தூசியைக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு மூடச் சொன்னாள். மழை விட்டால் கழற்றிவிட வேண்டும் என்றாள். காற்று நாளில் பெல்ட்டை மாட்டச் சொல்லி, கிளிப்பு எங்கே இருக்கிறது என்று குனிந்து காட்டினாள். ஓடி வந்த வண்டியை அரை மணி நேரம் ஆறவிட வேண்டும் என்று சொல்லும்போது அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை, ஆனாலும் சொல்லி முடித்தாள். "இவ்வளவுதானா?" என்றார் நயினார். "இன்னொண்ணு. மூடுறதுக்கு முன்ன உள்ள பாத்துருங்க." "எதுக்கும்மா? பூனை கீனை ஏறிக்கிடுமோ?" என்று நயினார் சிரித்தார். பொன்ராஜும் கூடச் சிரித்தான். லில்லி சிரிக்கவில்லை. "கண்ணாடி வழியாப் பாக்காதிய. அதுல நம்ம மூஞ்சிதான் தெரியும். கதவைத் திறந்து பாருங்க. மழை வந்தாலும், நனைஞ்சாலும், திறந்து பாத்துட்டு மூடுங்க" என்றாள். மதிலோரம் நின்றிருந்த வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். நயினாரின் மனைவி மட்டும் கதவைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, லில்லியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாக்கோம்க்கா. நான் பாக்கேன்" என்றாள்.